துணைவர் விசா: இருவரும் சேர்ந்து கட்டும் கோப்பு

வெளிநாட்டில் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ வேலை அனுமதியோ பெற்ற ஒருவர், தம் கணவரை அல்லது மனைவியை அங்கே அழைத்துக்கொள்ள அந்நாட்டு அரசு தரும் அனுமதியே துணைவர் விசா. இதில் இரண்டு வகை உண்டு. முதலாவது குடியேற்ற விசா. அழைப்பவர் அந்த நாட்டின் குடிமகனாகவோ நிரந்தர வசிப்பாளராகவோ இருப்பார். வருபவரும் காலப்போக்கில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெறுவார். இரண்டாவது, பேச்சுவழக்கில் டிபென்டென்ட் விசா எனப்படும் சார்ந்திருப்போர் விசா. அழைப்பவரின் வேலை இருக்கும்வரைதான் இதற்கு ஆயுள். வளைகுடா நாடுகளின் குடும்ப விசாவும், அமெரிக்காவில் எச்-1பி விசாவில் இருப்பவரின் துணைவருக்குத் தரப்படும் எச்-4 விசாவும் இந்த இரண்டாம் வகை. பெண் பார்க்கும் பேச்சில் ‘மாப்பிள்ளை வெளிநாடு, விசா எடுத்துடுவாரு’ என்று சொல்லப்பட்டால், எந்த விசா என்று அப்போதே கேட்டுவிட வேண்டும். இரண்டாம் வகையில் வேலை போனால் இருவரும் சேர்ந்தே ஊர் திரும்ப நேரிடும். துணைவருக்கு வேலை செய்யும் உரிமை கிடைக்குமா என்பதும் நாட்டுக்கு நாடு மாறும்.

வைப்பாறு மன்னார் வளைகுடாவில் கலக்கும் இடத்தில், விளாத்திகுளம் வட்டத்தில் அமைந்த கீழவைப்பாரையும் அதைப் போன்ற முத்துக்குளித்துறை ஊர்களையும் மனத்தில் வைத்து இந்த அத்தியாயம் எழுதப்பட்டுள்ளது. கடல் தொழிலோடு கப்பல் வேலைக்கும் வளைகுடாவுக்கும் ஆட்கள் போய்வரும் கரை இது. செவிலியர் படிப்பு முடித்த பெண்கள் முதலில் வெளிநாடு சென்று, பின்னர் கணவரை அழைக்கும் வழக்கமும் உண்டு. எனவே அழைப்பவர் எப்போதும் கணவராகவே இருப்பார் என்று எண்ணிக்கொள்ளத் தேவையில்லை.

பெயர்கள் ஒத்துப்போகும் வேலை

இந்தக் கரையில் விசாக் கோப்புகளுக்கு வரும் முதல் சிக்கல் பெயர்தான். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரிடம் திருமுழுக்குப் பெற்ற காலம் தொட்டுப் பரதவர் குடும்பங்களில் பர்னாந்து, கொரேரா, மச்சாது, மிராந்தா, ரொட்ரிகோ, வாஸ், கோமஸ் போன்ற குடும்பப் பெயர்கள் வழங்குகின்றன. ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கும் இந்தப் பெயர் பள்ளிச் சான்றிதழில் பெரும்பாலும் இருக்காது; அங்கே தந்தை பெயரின் முதலெழுத்து மட்டும் இருக்கும். ஆதாரில் ஒரு ஆங்கில எழுத்துக்கோவை, குடும்ப அட்டையில் இன்னொன்று. அந்தோணி என்ற ஒரு பெயருக்கே நான்கைந்து ஆங்கில வடிவங்கள் புழங்குகின்றன. உறவினர் யாரும் இதைப் பொருட்படுத்த மாட்டார்கள். விசா அதிகாரிக்கோ இவை வெவ்வேறு ஆட்களின் ஆவணங்களாகத் தெரியும்.

இதைச் சரிசெய்ய ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் பாஸ்போர்ட்டை அடிப்படையாக வைத்துக்கொண்டு, மற்ற ஆவணங்கள் ஒவ்வொன்றையும் அதோடு ஒப்பிட வேண்டும். சிறு எழுத்து வேறுபாடு என்றால், இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிப்பவை என்று நோட்டரி முன் எடுக்கும் பிரமாணப் பத்திரம் பல இடங்களில் போதும். பெயரே வேறாக இருந்தால், அரசின் எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை வழியாகத் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பை வெளியிட்டுப் பின்னர் மற்ற ஆவணங்களைத் திருத்துவதே நேரான வழி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடத்தைக் காலியாக விடுவதும் வம்பு. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் 21 முதல், ஒற்றைச் சொல் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா, வருகை விசா தருவதில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. முதலெழுத்தை விரித்துத் தந்தை பெயரையோ குடும்பப் பெயரையோ அந்த இடத்தில் முறையாக எழுதிவிடுவது நல்லது.

திருமணத்துக்குப் பின் மனைவி தம் பெயரை மாற்ற வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கல்யாணம் முடிந்த கையோடு முதலெழுத்தைக் கணவர் பெயருக்கு மாற்றி, அதனால் பள்ளிச் சான்றும் பாஸ்போர்ட்டும் முரண்பட்டு, மாதக்கணக்கில் அலைவதைவிடப் பிறந்த பெயரிலேயே விண்ணப்பிப்பது எளிது. பாஸ்போர்ட்டில் கணவர் அல்லது மனைவி பெயரைச் சேர்ப்பது வேறு, தம் பெயரை மாற்றுவது வேறு. முன்னதைச் செய்வது நன்மையே. தூத்துக்குடி மாவட்டம் மதுரை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. திருநெல்வேலியில் அதன் சேவை மையம் உள்ளது.

வீட்டிலேயே பிறந்து, பிறப்பே பதிவாகாமல் போன மூத்த தலைமுறையினருக்கு இன்னொரு படி உண்டு. உள்ளாட்சிப் பதிவில் பெயர் இல்லை என்பதற்கான சான்றை உரிய அலுவலரிடம் பெற்று, அதனுடன் ஞானஸ்நானச் சான்று, பள்ளிச் சான்று ஆகியவற்றை இணைக்கலாம். அமெரிக்கக் குடியேற்ற விசாவுக்கு இந்த முறை ஏற்கப்படுகிறது.

கோயில் பதிவேடும் சார்பதிவாளர் சான்றும்

கத்தோலிக்கக் குடும்பங்களில் திருமணப் பேச்சு முடிந்ததும் பங்குத்தந்தையைப் பார்த்து, திருமணத் தயாரிப்புப் பயிற்சி பெற்று, மூன்று ஞாயிறு திருமண அறிவிப்பான ஓலை வாசித்து, பின்னரே திருமணம் நடக்கிறது. பங்குப் பதிவேட்டிலிருந்து தரப்படும் திருமணச் சான்று மதிப்புள்ள ஆவணம். ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009 எந்தச் சமயத்தவர் திருமணத்தையும் அரசிடம் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியது. 2009 நவம்பர் 24 முதல் அது நடைமுறையில் உள்ளது. திருமணம் நடந்த 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அதன்பின் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாள் உண்டு. மாப்பிள்ளைக்கு விடுமுறை ஒரு மாதம்தான் என்னும்போது இந்தப் பதிவை அடுத்த விடுமுறைக்குத் தள்ளிப்போடுவது மிகப் பெரிய தவறு. திருமண நாளுக்கு முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் விசாரித்து, அடையாள ஆவணங்கள், புகைப்படங்கள், சாட்சிகள் எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு, கல்யாணம் முடிந்த வாரத்திலேயே பதிவை முடித்துவிட வேண்டும். சான்றிதழ் கையில் வந்ததும் அங்கேயே நின்று ஒவ்வோர் எழுத்தையும் பாஸ்போர்ட்டோடு சரிபார்க்க வேண்டும்.

வளைகுடா நாடுகளுக்குச் சான்றிதழில் கூடுதல் முத்திரை தேவை. மாநில அரசு அத்தாட்சிக்குப் பின் இந்திய வெளியுறவு அமைச்சகம் முத்திரை இடும். ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் ஆகியவை அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேரவில்லை. அங்கே செல்லும் சான்றிதழுக்கு அந்தந்த நாட்டுத் தூதரக அத்தாட்சியும் வேண்டும். ஓமன், பஹ்ரைன், 2022 டிசம்பரில் சேர்ந்த சவூதி அரேபியா ஆகியவற்றுக்கு அமைச்சகத்தின் அப்போஸ்டில் போதுமானது. இதற்கு மாறாக அமெரிக்க, பிரிட்டிஷ், கனடியத் துணைவர் விசாக்களுக்குத் திருமணச் சான்றில் அப்போஸ்டில் கேட்கப்படுவதில்லை. தமிழில் உள்ள ஆவணத்துக்கு முறையான ஆங்கில மொழிபெயர்ப்பு மட்டும் வேண்டும். தேவையில்லாத முத்திரைக்கு ஏஜெண்டிடம் ஆயிரக்கணக்கில் கொடுப்பது வீண்.

எந்த நாடு என்ன கேட்கிறது

அமீரகத்தில் மனைவியை அழைக்கக் கணவரின் மாதச் சம்பளம் 4,000 திர்ஹமாவது இருக்க வேண்டும். அல்லது 3,000 திர்ஹமும் நிறுவனம் தரும் தங்குமிடமும். படகுத் தொழிலாளியாகவோ கட்டுமான வேலைக்கோ சென்றவர் பலருக்கு இந்தச் சம்பளம் வருவதில்லை. அப்படியானால் குடும்ப விசா பற்றிப் பெண் வீட்டாரிடம் வாக்குக் கொடுக்கக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை விடுமுறையில் வந்துபோகும் வாழ்க்கைதான் என்பதை இருவரும் தெரிந்துகொண்டே மணம் முடிக்க வேண்டும்.

பிரிட்டனின் வருமான நிபந்தனை கடுமையானது. 2024 ஏப்ரல் 11 முதல், புதிதாகத் துணைவரை அழைப்பவரின் ஆண்டு வருமானம் 29,000 பவுண்டாவது இருக்க வேண்டும். முன்பு அது 18,600 பவுண்டாக இருந்தது. வருமானம் இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவோர் 88,500 பவுண்டை ஆறு மாதம் தொடர்ந்து வைத்திருந்ததாக நிறுவ வேண்டும். வருபவர் பேசுதல், கேட்டல் இரண்டிலும் ஏ1 நிலை ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும். காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் தேவை. முதல் அனுமதி 33 மாதம். பிரிட்டனில் செவிலியராக உள்ளவர் கணவரை அழைப்பது வேறு பிரிவு. அது வேலை விசாவைச் சார்ந்தது. முதியோர் பராமரிப்புப் பணியாளர்களுக்கு 2024 மார்ச் 11 முதல் அந்த வசதி நிறுத்தப்பட்டது. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து அந்தப் பணிக்குப் புதிதாக ஆள் எடுப்பதும் நிறுத்தப்பட்டது; செவிலியர் படிப்பு படித்தவர்கூட பராமரிப்புப் பணியாளராகப் புதிதாகச் செல்ல முடியாது என்பதைக் கையெழுத்திடும் முன் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவில் முதலில் அழைப்பவர் ஐ-130 மனுவைக் குடியேற்றத் துறையிடம் அளிக்கிறார். அது ஏற்கப்பட்டபின் தேசிய விசா மையம் கட்டணமும் ஆவணங்களும் கேட்கும். டிஎஸ்-260 விண்ணப்பமும், ஐ-864 எனப்படும் பொருளாதாரப் பொறுப்பு உறுதிமொழியும் அப்போது தேவை. வருமானம் அந்நாட்டு வறுமைக்கோட்டு அளவின் 125 விழுக்காட்டை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் இணைப் பொறுப்பாளர் ஒருவர் கையெழுத்திடலாம். இந்தியாவில் வசிப்போருக்குக் குடியேற்ற விசா நேர்காணல் மும்பையில் உள்ள துணைத் தூதரகத்தில் நடக்கும், சென்னையில் அல்ல. கனடாவில் துணைவரை அழைக்கப் பெரும்பாலும் குறைந்தபட்ச வருமான வரம்பு இல்லை. ஆனால் மூன்று ஆண்டு பராமரிப்புப் பொறுப்பை அழைப்பவர் ஏற்க வேண்டும்; தொலைபேசியிலோ இணையம் வழியாகவோ ஒருவர் நேரில் இல்லாமல் நடந்த திருமணத்தை அந்நாடு ஏற்பதில்லை. ஆஸ்திரேலியா முதலில் தற்காலிக விசாவும், பின்னர் நிரந்தர விசாவும் தருகிறது. இரண்டுக்கும் ஒரே விண்ணப்பம்.

தொகைகளும் கட்டணங்களும் மாறிக்கொண்டே இருப்பவை. விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்த அரசின் அதிகாரபூர்வத் தளத்தில் பார்த்ததே கணக்கு.

உறவு உண்மையானது என்று காட்டுவது

அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா நான்குமே ஒரே கேள்வியைக் கேட்கின்றன: இந்தத் திருமணம் வாழ்வதற்காக நடந்ததா, விசாவுக்காக நடந்ததா? பெற்றோர் பார்த்து முடித்த திருமணத்துக்கு இதில் தனிச் சிரமம் உண்டு. நிச்சயதார்த்தத்துக்கும் திருமணத்துக்கும் இடையே சில வாரம், திருமணத்துக்கும் கணவர் புறப்படுவதற்கும் இடையே இன்னும் சில வாரம் என்றால், சேர்ந்து வாழ்ந்த காலம் கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிடும். ஊர் வழக்கத்தை அறியாத அதிகாரிக்கு அதை விளக்குவது விண்ணப்பதாரர் பொறுப்பு. பெண் பார்த்தது யார், எந்த உறவின் வழியாக வந்த வரன், இரு வீட்டாரும் எப்போது பேசினார்கள், ஓலை எந்தப் பங்குகளில் எந்த ஞாயிறுகளில் வாசிக்கப்பட்டது என்பதை இரண்டு பக்கத்தில் தேதி வரிசையாக எழுதி இருவரும் கையெழுத்திட்டுச் சேர்க்கலாம். திருமணப் பத்திரிகை நல்ல சான்று. அதிலுள்ள உறவினர் பெயர்களே திருமணம் ஊரறிய நடந்தது என்பதைக் காட்டிவிடும். அதன் மொழிபெயர்ப்பையும் இணைக்க வேண்டும்.

ஆல்பம் முழுவதையும் அனுப்பத் தேவையில்லை. கோயில் சடங்கு, இரு பெற்றோருடன் நிற்கும் படம், திருமணத்துக்குப் பிந்தைய வீட்டுப் படங்கள், பின்னர் வந்த விடுமுறைகளின் படங்கள் என இருபது முப்பது படங்கள் போதும். ஒவ்வொன்றின் கீழும் தேதி, இடம், உடன் இருப்பவர் யார் என்பதை எழுத வேண்டும். அலங்கரித்த மேடையில் இருவர் மட்டும் நிற்கும் நூறு படங்களைவிட, மறு விடுமுறையில் மாமியார் வீட்டுச் சமையலறையில் எடுத்த ஒரு படம் வலுவானது. வாட்ஸப் உரையாடலில் மாதத்துக்கு ஒரு பக்கமும், அழைப்புகளின் பட்டியலும் எடுத்துக்கொள்ளலாம். அந்தரங்கமான செய்திகளை அனுப்ப யாரும் கேட்பதில்லை.

கப்பல் பணியாளர்களின் நிலை வேறு. மாதக்கணக்கில் கடலில் இருப்பவருக்குச் சேர்ந்து வாழ்ந்த காலம் குறைவாகவே இருக்கும். நடுக்கடலில் தொடர்பு அறுந்த வாரங்களும் இருக்கும். இதற்குப் பதிலும் அவர்களிடமே உள்ளது. சி.டி.சி. எனப்படும் கப்பல் பணியாளர் புத்தகத்தில் ஒவ்வொரு கப்பலிலும் ஏறிய, இறங்கிய தேதி பதிவாகியிருக்கும். அந்தத் தேதிகளையும் வீட்டில் இருந்த நாட்களையும் ஒரு பட்டியலாக எழுதினால், பிரிவுக்குக் காரணம் தொழில்தான் என்பது தெளிவாகும். சம்பளத்தில் ஒரு பகுதியை நேரடியாக மனைவி கணக்குக்கு அனுப்பும் அலாட்மென்ட் ரசீதுகள், கூட்டு வங்கிக் கணக்கு, காப்பீட்டில் வாரிசாக மனைவி பெயர், நிறுவனக் கோப்பில் நெருங்கிய உறவாக மனைவி பெயர் இவை யாவும் கையோடு உள்ள சான்றுகள். கூட்டுக் கணக்கைத் திருமணமான மாதத்திலேயே தொடங்கிவிட வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் தொடங்கிய கணக்கால் பயன் இல்லை.

கோப்பு யார் கையில்

இந்த அத்தியாயத்தில் மிகவும் வலியுறுத்த வேண்டியது இதுவே. பெரும்பாலான கோப்புகளை அழைப்பவரும் ஏஜெண்டும் மட்டுமே பார்க்கிறார்கள். ஊரில் காத்திருக்கும் மனைவி கேட்ட இடத்தில் கையெழுத்துப் போடுகிறார். நேர்காணலில் கேள்வி கேட்கப்படுவதோ அவரிடம். கணவரின் சம்பளம், வேலை, முகவரி, முந்தைய திருமணம் இருந்ததா என்பது எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோப்பின் முழு நகல் இருவரிடமும் இருக்க வேண்டும். விண்ணப்பத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் காணொளி அழைப்பில் சேர்ந்து உட்கார்ந்து படித்து, தமிழில் பொருள் புரிந்த பின்னரே கையெழுத்திட வேண்டும்.

பிரவுசிங் சென்டரில் விண்ணப்பிக்கும்போது அங்குள்ளவர் தம் மின்னஞ்சலையும் தம் கைபேசி எண்ணையும் கொடுத்துவிடுவது வழக்கமாக நடக்கிறது. பின்னர் அரசு அனுப்பும் கடிதம் அவருக்குப் போகும். கெடு கடந்தபின்தான் தம்பதிக்குத் தெரியவரும். விண்ணப்பதாரர் பெயரில் தனி மின்னஞ்சல் தொடங்கிக் கடவுச்சொல்லைத் தாமே வைத்துக்கொள்ள வேண்டும். ‘நூறு சதவீதம் விசா உறுதி’ என்று சொல்லும் ஏஜெண்டை அந்த வார்த்தைக்காகவே தவிர்க்கலாம். அந்த உறுதியைத் தர எந்தத் தனியாராலும் முடியாது. ஏஜெண்ட் இணைத்த போலி ஆவணத்துக்கும் விண்ணப்பதாரரே பொறுப்பு. பொய்த் தகவலுக்குப் பிரிட்டன் பத்தாண்டும் கனடா ஐந்தாண்டும் தடை விதிக்கின்றன. அமெரிக்காவில் அந்தத் தடை வாழ்நாள் முழுதும் நீளக்கூடும்.

பரிசோதனை, நேர்காணல், மறுப்பு

மருத்துவப் பரிசோதனை அந்தந்த நாடு அங்கீகரித்த மருத்துவரிடம் செய்தால் மட்டுமே செல்லும். இந்தக் கரைக்கு அருகில் உள்ள இடம் பெரும்பாலும் சென்னை. கைரேகைப் பதிவையும் பரிசோதனையையும் ஒரே பயணத்தில் முடிக்கத் திட்டமிட்டால் இரண்டு முறை முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறும் செலவு மிச்சம். காவல்துறை நன்னடத்தைச் சான்றைப் பாஸ்போர்ட் சேவைத் தளம் வழியாகப் பெறலாம். பரிசோதனைச் சான்றுக்கும் காவல் சான்றுக்கும் காலவரம்பு உண்டு. முன்கூட்டியே எடுத்து வைத்தால் காலாவதியாகிவிடும்.

நேர்காணலுக்கு மனப்பாடம் வேண்டாம். நினைவில்லாததை நினைவில்லை என்று சொல்லலாம். மறுப்பு வந்தால் கடிதத்தில் உள்ள காரணத்தைச் சொல்லுக்குச் சொல் படித்து, அதற்கு மட்டும் பதில் தேட வேண்டும். பிரிட்டனின் துணைவர் விசா மறுப்புக்கு, நாட்டுக்கு வெளியே இருப்பவர் 28 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கனடாவில் அழைப்பவர் 30 நாளுக்குள் குடியேற்ற மேல்முறையீட்டுப் பிரிவை அணுகலாம். முந்தைய மறுப்பை அடுத்த விண்ணப்பத்தில் மறைப்பது, மறுப்பைவிடக் கேடு.

வெளிநாட்டுத் துணைவர் இங்கே வரும்போது

கொழும்பு, நீர்கொழும்புப் பகுதிகளில் வாழும் பரதர் குடும்பங்களோடு இந்தக் கரைக்கு நெடுங்கால உறவு. இலங்கைக் குடியுரிமை உள்ள ஒருவரை மணந்து இங்கே அழைத்துவந்தால், அவருக்கு நுழைவு விசா தேவை. 180 நாளுக்கு மேற்பட்ட விசாவானால் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் இணையவழிப் பதிவு செய்ய வேண்டும். திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டு தொடர்ந்து நிலைத்திருந்தால் வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். மணமுறிவு ஏற்பட்டால் அந்த அட்டையை இழக்க நேரும். ஏழு ஆண்டு இங்கே வசித்தவர் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி குடியுரிமை கோரலாம். தாப்பாத்தி போன்ற இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் வசிப்போரை மணந்தவர்களுக்கு இந்த வழி எளிதில் திறப்பதில்லை; முறையான ஆவணமின்றி வந்தவரைச் சட்டம் சட்டவிரோதக் குடியேறி என வகைப்படுத்தியதே காரணம். அவர்கள் விண்ணப்பத்துக்கு முன் வழக்கறிஞரைப் பார்ப்பது அவசியம்.

போய்ச் சேர்ந்த பிறகு

விசா கிடைத்ததும் வேலை முடிவதில்லை. திருமணமாகி இரண்டு ஆண்டு நிறைவதற்குள் அமெரிக்கா செல்லும் துணைவருக்கு இரண்டாண்டு நிபந்தனை அட்டைதான் தரப்படும். அது காலாவதியாகும் முன்னுள்ள 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து ஐ-751 மனு அளிக்க வேண்டும். பிரிட்டனில் 33 மாதம் முடியும் முன் நீட்டிப்பு வாங்க வேண்டும். அமீரகத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் குடியிருப்பு விசா பொதுவாக ரத்தாகும். பிரசவத்துக்கு ஊர் வரும் பெண்கள் இந்தக் கணக்கைத் தவறவிடுகிறார்கள்.

புறப்படும் பெண்ணின் பாஸ்போர்ட், திருமணச் சான்று, கல்விச் சான்றுகளின் நகல்கள் ஊரில் பெற்றோரிடம் ஒரு தொகுதி இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டைக் கணவரோ அவர் வீட்டாரோ வாங்கி வைத்துக்கொள்ள உரிமை இல்லை. வன்முறை நேர்ந்தால் விசா போய்விடும் என்று பயந்து பொறுத்துக்கொள்ளவும் தேவையில்லை: அமெரிக்காவில் துன்புறுத்தப்பட்ட துணைவர் கணவரின் துணையின்றித் தாமே மனு அளிக்கலாம், பிரிட்டனில் துணைவர் விசாவில் வந்து குடும்ப வன்முறைக்கு ஆளானவர் தனியே நிரந்தர வசிப்புரிமை கோரலாம், கனடா 2017 ஏப்ரலில் சேர்ந்து வாழும் நிபந்தனையையே நீக்கிவிட்டது. அருகிலுள்ள இந்தியத் தூதரகமும், தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத் துறையும், தேசிய மகளிர் ஆணையத்தின் வெளிநாடு வாழ் இந்தியர் பிரிவும் இத்தகைய புகார்களை ஏற்கின்றன. இந்த மூன்றின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் புறப்படும் முன்பே எழுதி, ஒரு பிரதியைக் கைப்பையிலும் இன்னொன்றைப் பெற்றோரிடமும் வைத்துவிட்டுச் செல்லுங்கள்.